ஷெட்டில் மட்டும் ஸ்டார்ட் ஆகும் வண்டி

கொடைக்கானலில் பழைய ஜீப் வைத்திருப்பவர்கள் வண்டி நிறுத்த இடம் தேடும்போது நிழலைப் பார்க்க மாட்டார்கள், சரிவைத்தான் பார்ப்பார்கள். மூக்கு கீழ்ப்பக்கம் பார்க்க நிறுத்தி, முன் சக்கரத்துக்கு ஒரு கல் கொடுத்துவிட்டுத் தூங்கப் போவார்கள். காலையில் கல்லை எடுத்து, ரெண்டாவது கியரைப் போட்டு, கிளட்சை மிதித்து உருளவிட்டு, வேகம் வந்ததும் காலை எடுத்தால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி தேவையில்லை. காற்றை அமுக்கிய சூட்டிலேயே எரியும். அதனால் பாட்டரி செத்தாலும் மலை அதைக் காப்பாற்றும்.

நாயுடுபுரத்தில் எங்கள் வீட்டு வாசலில் அப்படி ஒரு சரிவு உண்டு. என் கணவர் அதில்தான் பத்து வருடம் வண்டியை நிறுத்தினார். 1996 மாடல் மகிந்திரா கமாண்டர். வில்பட்டி, பள்ளங்கி, பூம்பாறை என்று பூண்டும் கேரட்டும் ஆட்களும் ஏற்றிப் போய் வந்த வண்டி. 2014-இல் அவர் இறந்தபோது கடனும் அந்த வண்டியும்தான் என் பங்குக்கு வந்தன. கொழுந்தனார் வந்து, "வித்துருங்கண்ணி, பொம்பள ஓட்டுற வண்டியா இது" என்றார். விலையும் அவரே சொன்னார். அந்த விலையைக் கேட்ட பிறகுதான் ஓட்டுவது என்று முடிவு செய்தேன். ஏற்கெனவே ஓட்டத் தெரியும், லைசென்ஸ்தான் இல்லை. அது வந்து, பேட்ஜும் வாங்க ஒரு வருடம் ஆயிற்று.

வண்டியோடு சேர்ந்து அதன் கோளாறும் எனக்கு வந்தது என்பது முதல் பனிக்காலத்தில் தெரிந்தது. சாவியைத் திருப்பினால் "டிக்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். சில நாள் பல்லி மாதிரி டிக்டிக்டிக். இன்னும் சில நாள் ஒன்றுமே நடக்காதது போல முதல் திருப்பிலேயே உறுமிக்கொண்டு எழும். வீட்டில் என்றால் கல்லை எடுத்துவிட்டு உருட்டிவிடலாம். சந்தைக்குள்ளே, மூஞ்சிக்கல் பக்கம் மட்டமான இடத்தில், முன்னால் ஒரு வேன் பின்னால் ஒரு லாரி என்று மாட்டிக்கொண்டால், இறங்கி நாலு ஆண்களைக் கூப்பிட வேண்டும். தள்ள வருவார்கள், அதில் குறையில்லை. தள்ளிவிட்டுச் சிரித்துக்கொண்டே ஒரு வார்த்தை சொல்வார்கள். தள்ளியதற்குக் கூலி அந்த வார்த்தை. ஆண் டிரைவரின் வண்டி நின்றால் அது வண்டியின் கோளாறு. என் வண்டி நின்றால் அது என் கோளாறு.

ஷெட்டுக்குக் கொண்டுபோவேன். யாருடைய ஷெட் என்பது வேண்டாம். மெக்கானிக் அண்ணன் சாவியைத் திருப்புவார். பிடித்துக்கொள்ளும். அணைத்துவிட்டு மறுபடி திருப்புவார். பிடித்துக்கொள்ளும். "வண்டி நல்லாத்தானே இருக்கு தங்கச்சி. நீ சாவிய முழுசாத் திருப்புறியா?" என்பார். பக்கத்தில் நிற்கும் பதினைந்து வயதுப் பையன் வேறு பக்கம் திரும்பிச் சிரிப்பான்.

ஒரு வருடத்தில் புது பாட்டரி போட்டாயிற்று. செல்ஃப் மோட்டாரைக் கழற்றி கார்பன் பிரஷ் மாற்றியாயிற்று. எஞ்சினை நிறுத்துவதற்கு டேஷ்போர்டில் ஒரு குமிழ் இருக்குமே, அதை இழுத்தால் டீசல் பம்பு வரைக்கும் போகிற ஸ்டாப் கேபிள், அது இறுகி இறுகி நின்றது என்று இரண்டு தடவை மாற்றினார்கள். கழற்றிய கேபிளின் பிளாஸ்டிக் உறை உருகிக் கறுத்திருந்தது. ஏன் உருகியது என்று கேட்டேன். "பழைய வண்டின்னா அப்படித்தான்." ஒவ்வொரு தடவையும் பணம். ஒவ்வொரு தடவையும் இரண்டு வாரம் நன்றாக ஓடும், அப்புறம் ஒரு விடியலில் டிக்.

அதே காலத்தில்தான் அம்மாவுக்கும் ஆரம்பித்தது. நடந்துகொண்டே இருப்பார், சட்டென்று சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். கண் இருட்டும், முகம் வெளுத்துப்போகும். எண்ணிப் பத்துக்குள் எழுந்து, "ஒன்னுமில்ல, வா" என்று நடப்பார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால் பி.பி. சரி, சர்க்கரை சரி, ஈ.சி.ஜி. சரி. மருமகன் போன கவலை என்று ஒரு டாக்டர் சொன்னார். இந்த வயதில் பெண்களுக்கு இதெல்லாம் மனசுதான் என்று இன்னொருவர் சொல்லித் தூக்க மாத்திரை எழுதினார். அம்மா வெளியே வந்து, "அந்தப் படி ஏறினா எனக்கு ஒன்னும் வர மாட்டேங்குதுடி" என்றார். சிரிப்பும் வந்தது, வயிறும் கலங்கியது. அப்போது இரண்டையும் நான் சேர்த்து யோசிக்கவில்லை.

2016 டிசம்பரில் ஒரு ராத்திரி பக்கத்து வீட்டு மருமகளுக்கு வலி எடுத்தது. நாள் இன்னும் மூன்று வாரம் இருந்தது. ஆம்புலன்ஸ் வர முக்கால் மணி ஆகும் என்றார்கள். அவள் மாமியார் நேராக என் கதவைத்தான் தட்டினார். அன்றைக்குப் பார்த்து வண்டியை சரிவில் விடவில்லை. சரிவில் யாரோ விறகு இறக்கியிருந்தார்கள் என்று மேலே மட்டத்தில் நிறுத்தியிருந்தேன். புல்லில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்தது. அந்தப் பெண்ணைப் பின் சீட்டில் ஏற்றி, சாவியைத் திருப்பினேன். டிக். மறுபடி திருப்பினேன். டிக்டிக்டிக். எத்தனை தடவை என்று எண்ணவில்லை. அவள் பின்னாலிருந்து ஒரு சத்தமும் போடாமல் என் சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பிடி இன்னும் எனக்குத் தெரிகிறது. கடைசியில் கீழ்த் தெருவிலிருந்து ஒருவர் தன் ஆம்னியைக் கொண்டுவந்து கூட்டிப்போனார். ஆண் குழந்தை, இரண்டு பேரும் நலம். ஆனால் மறுநாள் கடையில் பால் வாங்கும்போது, "பொம்பள கையில வண்டி இருந்தா இதுதான்" என்று என் காதுபடவே சொன்னார்கள். அந்த மாமியாரும் அங்கே நின்றார். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

எங்கள் வீட்டு மேல் அறையில் அப்போது ஒரு டீச்சர் வாடகைக்கு இருந்தார். தூத்துக்குடிக்காரர். அன்று ராத்திரி அவரும் கீழே வந்து டார்ச் பிடித்துக்கொண்டு நின்றவர்தான். இரண்டு நாள் கழித்துத் துணி உலர்த்தும்போது கேட்டார்: "ஏக்கா, அன்னைக்கு நீங்க சாவியத் திருப்பும்போது ஹெட்லைட்டு மங்குச்சா?"

யோசித்தேன். மங்கவில்லை. லேசாக நடுங்கியது.

"அப்ப பேட்டரி மேல தப்பு இல்லக்கா. எங்க அப்பா லாஞ்சுல இப்படித்தான் மக்கர் பண்ணும். கரண்டு போகுற வழிய விட்டுட்டுத் திரும்பி வாற வழியப் பாருங்க."

எங்கள் கொடைக்கானல் ஏரியில் மிதிபடகும் துடுப்புப் படகும்தான். மோட்டாரில் ஓடும் படகை நான் அதற்கு முன் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. டீச்சர் சொல்லித்தான் தெரிந்தது, விசைப்படகின் டீசல் எஞ்சினுக்கும் இதே பாட்டரி, இதே செல்ஃப், இதே டிக் என்று. உப்புக் காற்றில் ஒவ்வொரு இணைப்பிலும் பச்சைக் களிம்பு ஏறிவிடும். கடலுக்குள் போய் எஞ்சினை நிறுத்தினால் திரும்ப ஸ்டார்ட் ஆகுமா ஆகாதா என்பது கரைக்கு வருவதா வேண்டாமா என்கிற கேள்வி. அங்கே சரிவும் கிடையாது, தள்ளிவிட ஆளும் கிடையாது. இத்தனையும் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "போட்டுல பொம்பளைய ஏற விடமாட்டாங்கள்லா. ஆனா பேட்டரி வீட்டுக்கு வருமே. களிம்பு சுரண்டுறது நாங்கதான். அப்பாவும் சித்தப்பாவும் சண்ட போடுறதக் கேட்டுக் கேட்டே பாதி தெரிஞ்சு போச்சு."

ஞாயிற்றுக்கிழமை ரேடியோ ரிப்பேர்க் கடையிலிருந்து ஒரு மல்டிமீட்டர் இரவல் வாங்கினோம். அதற்கு முன் டீச்சர் எனக்கு ஒரு நோட்டுக் கொடுத்து எழுதச் சொல்லியிருந்தார்: எந்த நாள், எத்தனை மணி, குளிரா வெயிலா, ஓடி நின்ற வண்டியா ராத்திரி முழுக்க நின்றதா, என்ன சத்தம். மூன்று வாரம் எழுதியதில் ஒரு விஷயம் தெளிவாக இருந்தது. ஓடி நிறுத்திய பத்து நிமிடத்துக்குள் ஒரு தடவைகூட மக்கர் இல்லை. ஷெட்டுக்கு நான் எப்படிப் போவேன்? வீட்டுச் சரிவில் உருட்டி ஸ்டார்ட் செய்து, குலுங்கிக் குலுங்கி ஓட்டிக்கொண்டு போவேன். எஞ்சின் சூடாக, எண்ணெய் இளகி, தொட வேண்டிய உலோகமெல்லாம் ஆடித் தொட்டுக்கொண்ட நிலையில்தான் அது மெக்கானிக் முன்னால் நிற்கும். அங்கே அது ஸ்டார்ட் ஆகாமல் இருந்தால்தான் அதிசயம். அவர் பொய் சொல்லவில்லை. கோளாறு இல்லாத நேரத்தில் பார்த்தார், கோளாறு இல்லை என்றார். நான் பொய் சொல்வதாக அவர் எடுத்துக்கொண்டதுதான் பிழை.

திங்கள் காலை ஆறு மணி. நல்ல குளிர். மீட்டரை வோல்ட்டில் வைத்து பாட்டரியின் இரண்டு முனைகளில் தொட்டோம்: 12.5. நல்ல பாட்டரிதான். நான் சாவியைத் திருப்ப, டிக்டிக். எண் 12-க்குக் கீழே இறங்கவில்லை. செல்ஃப் உண்மையிலேயே சுற்ற முயன்றிருந்தால் பத்து, பத்தரை வரைக்கும் விழுந்திருக்க வேண்டும். அதாவது பாட்டரி கொடுக்கத் தயார், வாங்கிக்கொள்ளத்தான் ஆளில்லை. அடுத்து கறுப்பு முனையை பாட்டரியின் நெகட்டிவில் வைத்து, சிவப்பு முனையை எஞ்சின் உடம்பில் ஒரு போல்ட்டில் அழுத்தினார் டீச்சர். இந்த இரண்டும் ஒன்றோடு ஒன்று கம்பியால் சேர்ந்தவை. அதனால் சாவியைத் திருப்பும்போதும் அரை வோல்ட்டுக்குள்தான் காட்ட வேண்டும். திருப்பினேன். எண் நிற்கவே இல்லை. ஆறு, ஒன்பது, ஏழு என்று துள்ளியது.

இதை விளக்க வேண்டும், ஏனென்றால் இது எனக்குப் புரிய இரண்டு நாள் ஆயிற்று. பாட்டரியின் பாசிட்டிவிலிருந்து தடித்த கேபிள் செல்ஃப் மோட்டாருக்குப் போகிறது. எல்லோரும் பார்ப்பது அதைத்தான். செல்ஃபுக்குள் போன கரண்ட் எஞ்சின் உடம்பு வழியாக, எஞ்சினையும் சேஸிஸையும் கட்டியிருக்கும் ஒரு செம்புப் பின்னல் பட்டை வழியாக, பாட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்ப வேண்டும். எஞ்சின் ரப்பர் மேல் உட்கார்ந்திருப்பதால் அந்தப் பட்டை இல்லாமல் சேஸிஸோடு அதற்குச் சரியான தொடர்பே கிடையாது. அந்தப் பட்டை கெட்டால், கரண்ட் கிடைத்த சந்துபொந்தில் எல்லாம் திரும்பப் பார்க்கும். என் வண்டியில் அது கண்டுபிடித்த சந்து ஸ்டாப் கேபிள். டீசல் பம்பிலிருந்து டேஷ்போர்டுக்கு வரும் மெல்லிய இரும்புக் கம்பி. விரல் தடிமன் கேபிளில் போக வேண்டியது அதில் போனால் கம்பி பழுக்கும், உறை உருகும். இரண்டு தடவை மாற்றியது அதைத்தான். ஹெட்லைட் மங்காததற்கும் காரணம் இதுவே: அது சேஸிஸிலிருந்து நேராகத் திரும்புகிறது, எஞ்சின் பக்கமே போவதில்லை. டைனமோவும் எஞ்சின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. சார்ஜும் அதே பாதையில்தான் திரும்பியாக வேண்டும். முதல் பாட்டரி செத்ததற்கும் அதுவே காரணமாக இருந்திருக்கும்.

ஷெட்டில் டெஸ்ட் பல்பு வைத்து எர்த்தைப் பார்த்ததும் உண்மைதான். பல்பு எரிந்தது. 21 வாட் பல்புக்கு இரண்டு ஆம்பியர்கூட வேண்டாம். பின்னலில் நாலு இழை மிச்சம் இருந்தாலும் எரியும். டீசல் செல்ஃப் இருநூறு ஆம்பியருக்கு மேல் கேட்கும். அந்த வழியில் ஓம் கணக்கில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தாலே போதும், இருநூறால் பெருக்கினால் இரண்டு வோல்ட் அங்கேயே போய்விடும். சாதாரண மீட்டரில் அத்தனை சின்னத் தடையை அளக்கவும் முடியாது, "பீப்" என்று நல்லபடியாகத்தான் சொல்லும். சும்மா இருக்கும்போது அளந்து பிரயோஜனமில்லை. பாரம் ஏறும்போது அளக்க வேண்டும்.

டீச்சர் ஜம்பர் கேபிளின் ஒரு முனையை பாட்டரி நெகட்டிவிலும் மறு முனையை எஞ்சினைத் தூக்கும் கொக்கியிலும் மாட்டினார். சாவியைத் திருப்பினேன். எழுந்தது. குளிரில், மட்டத்தில், ஒரே திருப்பில். இரண்டு பேரும் சத்தம் போட்டதில் அம்மா என்னவோ ஏதோ என்று ஓடி வந்துவிட்டார்.

அடியில் படுத்துப் பார்த்தேன். ஜீப்புக்கு அடியில் படுப்பது நைட்டியோடு முடியாது, அவருடைய பழைய பேன்ட்டைப் போட்டுக்கொண்டேன். பட்டையின் ஒரு முனையில் பாதிக்கு மேல் இழைகள் அறுந்து பச்சை பிடித்திருந்தன. மறு முனையில் போல்ட்டுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் கறுப்புப் பெயின்ட். எப்போதோ கியர்பாக்ஸ் இறக்கி வேலை பார்த்தவர்கள், அழகாகப் பெயின்ட் அடித்து அதன் மேலேயே முறுக்கியிருக்கிறார்கள். உப்புத்தாள் போட்டு இரும்பு மினுங்கும்வரை தேய்த்து, புதுப் பட்டை வைத்து முறுக்கி, மேலே வாசலின் தடவினேன். பட்டை முந்நூறு ரூபாய்க்குள். அதுவரை செலவழித்ததைக் கணக்குப் பார்க்க மனமில்லை.

வண்டியில் மின்சாரக் கோளாறைப் பார்த்த முதல் பெண் நானும் இல்லை, டீச்சரும் இல்லை. 1888 ஆகஸ்டில் ஜெர்மனியில் பெர்தா பென்ஸ், கணவருக்குச் சொல்லாமல், இரண்டு மகன்களோடு அவர் செய்த மோட்டார் வண்டியை மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப் போனார். எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். இக்னிஷன் ஒயர் உரசியபோது காலுறைப் பட்டையைச் சுற்றினார். உலகத்தின் முதல் நெடுந்தூரக் கார்ப் பயணத்திலேயே ஒயரிங் கோளாறைச் சரிசெய்தவர் ஒரு பெண். நம் சென்னையில், பதினெட்டு வயதில் கைக்குழந்தையோடு விதவையான அ. லலிதா 1940-இல் கிண்டி பொறியியல் கல்லூரியில் சேர்ந்தார். அவர் படித்ததும் மின்பொறியியல்தான். 1993-இல் வசந்தகுமாரி அரசுப் பேருந்தின் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். செல்ஃப் ஸ்டார்ட்டரின் கதை இன்னும் வேடிக்கை. 1912-இல் காடிலாக் காரில் அது வந்தபோது, இனிப் பெண்களும் சிரமமில்லாமல் ஓட்டலாம் என்று விளம்பரம் செய்தார்கள். அதுவரை முன்னால் நின்று கைப்பிடியைச் சுற்றி, அது திருப்பி அடித்து மணிக்கட்டை உடைத்துக்கொண்ட ஆண்களுக்கும் அது வசதியாகத்தான் இருந்திருக்கும். அதை ஏன் விளம்பரத்தில் போடப் போகிறார்கள்.

வண்டி சரியானதும் எனக்குச் சந்தோஷத்தைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. அந்தக் கோபத்தில்தான் அம்மாவுக்கு ஒரு நோட்டுப் போட்டேன். எந்த நாள், எத்தனை மணி, நின்றபோதா நடந்தபோதா, எத்தனை நொடி. மூன்று மாத நோட்டை எடுத்துக்கொண்டு மதுரைக்கு ஒரு இதய டாக்டரிடம் போனோம். ஈ.சி.ஜி. மறுபடி நார்மல். நான், "சார், இங்க எடுத்தா நார்மலாத்தான் இருக்கும். வரும்போது எடுக்கணும்" என்றேன். அவர் நோட்டைப் புரட்டினார். புரட்டியவர் ஒரு வார்த்தை பேசாமல் ஹோல்ட்டர் எழுதினார். மார்பில் ஒட்டி இடுப்பில் கட்டிக்கொண்டு ஒரு நாள் முழுக்க நடக்க வேண்டிய பெட்டி. முதல் நாள் ஒன்றும் விழவில்லை. இன்னொரு நாள் கட்டுவோம் என்றார் டாக்டர், நாங்கள் கேட்காமலே. இரண்டாம் நாள் காலை பதினொன்றே காலுக்கு, பூண்டு உரித்துக்கொண்டிருந்த அம்மா தன் தாளில் "கண் இருட்டு" என்று எழுதினார். அதே நிமிடத்தில் பெட்டியின் கோட்டில் ஐந்து நொடி வெறுமை. மேல் அறையில் பிறந்த மின்துடிப்பு கீழ் அறைக்கு இறங்காமல் நின்றிருக்கிறது. மனசு இல்லை. ஒயரிங்.

பேஸ்மேக்கர் வைத்து இப்போது ஏழு வருடம் ஆகிறது. அம்மா அதை "என் செல்ஃப்" என்று சொல்கிறார்.

அந்த மெக்கானிக் அண்ணனிடம் மீட்டர் கணக்கை ஒரு நாள் சொன்னேன். "எர்த்துதான்னு நானும் நெனச்சேன்" என்றார். சண்டை போடவில்லை. பிரேக்குக்கு இன்னும் அவரிடம்தான் போகிறேன். கை சுத்தம், பிரேக்கில் அவரைப் போல ஆள் கிடையாது. சிரித்த பையன் இப்போது தனி ஷெட் வைத்திருக்கிறான். போன மாதம் ஒரு பழைய வண்டியின் முன்னால் தலையைச் சொறிந்துகொண்டு நின்றவன் எனக்கு போன் போட்டு, "அக்கா, அந்த மீட்டர எங்கன வச்சுப் பாத்தீங்க?" என்று கேட்டான். சொன்னேன்.

டீச்சருக்கு ஊருக்கே மாற்றல் வந்து போய்விட்டார். போகும்போது ஜம்பர் கேபிளை விட்டுவிட்டுப் போனார், அது சீட்டுக்கு அடியில் கிடக்கிறது. மதுரையில் அம்மாவுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பேஸ்மேக்கர் செக்கப். காலை நான்கு மணிக்குக் கிளம்பினால்தான் பெருமாள்மலை தாண்டி, வத்தலக்குண்டில் இட்லி சாப்பிட்டு, வெயில் ஏறுமுன் போய்ச் சேரலாம். முந்தைய ராத்திரி வண்டியை மேலே மட்டத்தில்தான் நிறுத்துகிறேன். வாசல் சரிவில் இப்போது அம்மா மல்லியும் புதினாவும் போட்டிருக்கிறார்.